வடக்குப் பார்த்த குழி

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: கலாவைப் பற்றி மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே எங்கள் ஆட்கள் சொல்லுகிற கதையில் பாதி பொய். புருஷனுக்குக் கொள்ளி வைக்க விடாதவளாம். மூத்த மைத்துனரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினவளாம். சொந்தச் சனத்தை விட்டுவிட்டு வெள்ளைக்காரியிடம் போய் நியாயம் கேட்டவளாம். கதைக்கிறதற்கும் ஓர் அளவு வேண்டாமா? மீதிப் பாதி என்னுடைய பிழை. அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

கலாவும் நானும் பதினான்கு வருடமாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். நான் சிவாஜினி, யாழ்ப்பாணத்துக்காரி. மருந்துக்கடையில் அரைநேர வேலை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பவள், கோயில் மாதர் சங்கத்துக்கு உபசெயலாளர். அவள் நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். கணவர் வைகுண்டமணி வெல்டர். வேலை விசாவில் அவர் முதலில் வந்தார். இரண்டு வருடம் கழித்துக் கலாவையும் ஆறு வயது மகள் யாமினியையும் கூப்பிட்டுக்கொண்டார். வந்த மாதமே கலா லிட்கமில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். பிறகு படித்து, அதே இடத்தில் பராமரிப்பாளர் ஆனாள். தொண்ணூறு கிலோ கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்துகிற கை அவளுடையது.

அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே. ஒருமுறை இல்லத்து மேற்பார்வையாளர், ஓர் ஆளைக் குளிப்பாட்ட எட்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சொன்னாராம். "உங்க அம்மாவுக்கு எத்தன நிமிசம்?" என்று கலா கேட்டுவிட்டாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டு முன்னறையில் கும்பிடுவார்கள். ஆறு குடும்பம் வரும். சிலை இல்லை, படம் இல்லை, கற்பூரம் இல்லை, ஐயரும் இல்லை. சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, அதற்கு முன்னால் விளக்கு. ஆண்கள் எல்லோரும் வெள்ளைத் துணியில் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தினாலும் அவிழ்க்க மாட்டார்கள். நெற்றியில் கீழிருந்து மேலே ஏறுகிற வெள்ளை நாமம். ஒருவர் ஏடு வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பானையில் கஞ்சி. வேலிக்கு மேலால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

"இது அய்யாவழிக்கா. கண்ணாடியில யாரு தெரியுதா? நீங்கதானே? சாமி அங்கதான் இருக்குது, வெளிய தேடாதீங்கன்னு எங்க வழியத் தொடங்கின அய்யா சொன்னாவ. அந்தக் காலத்துல எங்க ஆளுக தலையில துணி கெட்டக்கூடாது. கெட்டுங்கலேன்னு சொன்னதும் அய்யாதான்" என்று முதல் வருடமே எனக்கு விளக்கினாள்.

"எல்லாம் எங்கட சமயம்தான் பிள்ளை. பேர் மட்டும்தான் வேற" என்றேன் நான்.

"அது எப்படிக்கா ஒண்ணாவும்? எங்க பாட்டன் பூட்டனக் கோயில் தெருவுக்குள்ளயே விடல. விடாத கோயிலு எங்களுக்கு எப்படிச் சொந்தமாவும்?"

நான் சிரித்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பதினான்கு வருடத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! ஒரு தரமாவது காதில் வாங்கினேனா? இல்லை. சின்னப் பிள்ளை ஏதோ சொல்லுகிறது என்கிற எண்ணம்தான். எங்கள் ஆட்களுக்கு உள்ள பெரிய வியாதி இது. அன்பாகத் தோளில் கைபோட்டுக்கொண்டே அடுத்தவருடைய பெயரை அழித்துவிடுவோம்.

ஏழு வருடத்துக்கு முன் என் கணவர் காலமானபோது, முப்பத்தோராம் நாள் வரை என் குசினியில் நின்று சமைத்தவள் கலா. எங்கள் சடங்குக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தாள். உப்பை எப்போது போடலாம் என்பது வரை கேட்டாள். தகனசாலைக்குக் கூட வந்தாள். திரும்பி வரும்போது காரில் மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு நெருப்பு கிடையாதுக்கா. மண்ணுக்குள்ள வடக்கப் பாத்து இருத்துவாவ. தருமயுகம் வரும்போது எந்திரிக்கணும்லா." எனக்கு அன்றைக்கு எதுவும் ஏறவில்லை. அதற்கு மன்னிப்பு உண்டு. பிறகு செய்ததற்கு இல்லை.

படிவங்களில் அவர்களும் இந்து என்றுதான் நிரப்பி வந்தார்கள். விசாவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எல்லாவற்றுக்கும். "கட்டத்துல எங்க பேரு இல்ல, எழுதினா நூறு கேள்வி கேப்பான்" என்பார் வைகுண்டமணி. சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். கடைசியாக அரசாங்கம் எடுத்த குடிசனக் கணக்கெடுப்பில்தான் கலா படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, 'வேறு' என்ற இடத்தில் அய்யாவழி என்று ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகப் போட்டாள். அன்று முழுவதும் அவளுக்கு அந்தப் பெருமை.

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலியோரம் நின்ற வைகுண்டமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். கலா வேலையில். யாமினி பல்கலைக்கழகத்தில். நான்தான் என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அனுமதி மேசையில் இருந்த பெண் கேட்டுக்கொண்டே போனாள்: பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை ஏதும் உண்டா, சமயம் என்ன.

"இந்து" என்றேன்.

ஒரு விநாடி எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவர் நெற்றியில் அந்த வெள்ளை நாமம் அப்படியே இருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே சொல்லுகிறேன்.

மூன்றாம் நாள் எங்கள் கோயில் செயலாளர் வரதராஜா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகளில் இந்து என்று பதிந்தவர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லுகிற தொண்டர் பட்டியலில் அவர் பெயர் உண்டு. பட்டியலில் வைகுண்டமணி இருந்தார். வரதராஜா ஈரக் கடதாசியால் அந்த நாமத்தைத் துடைத்துவிட்டு, மூன்று விரலால் திருநீற்றைப் பட்டையாகப் பூசினார். வாயில் குழாய் இருந்த மனிதர் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். வரதராஜா கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பூசி முடித்தார். நான் பழச்சாறு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கலா வந்தாள். வந்தவள் நின்ற நிலையிலேயே கத்தினாள்.

"யாருவே நீரு? யாரு ஒம்மை விட்டது? அவிய நெத்தியில கை வைக்க நீரு யாரு?"

"தங்கச்சி, அமைதி. பதிவிலயே இந்து எண்டுதானே கிடக்கு" என்றார் வரதராஜா, குழந்தைக்குச் சொல்லுவதுபோல.

"யாரு பதிஞ்சா? நான் பதியலயே! யாரு சொன்னா?"

நேர்ஸ் ஓடி வந்தாள். கலா கணவருடைய நெற்றியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அழுதாள். யாரு சொன்னா, யாரு சொன்னா என்று கேட்டபடியே இருந்தாள். நான் பழச்சாற்றுப் போத்தலைப் பிடித்துக்கொண்டு தூண்போல நின்றேன். சீ, என்ன பிறவி நான்! அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதிக் கலகம் வந்திராது.

சனிக்கிழமை காலை வைகுண்டமணி போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அவருடைய அண்ணன் மெல்பேர்ண் ரோவிலில் இருந்து வந்து இறங்கினார். அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். தாய் தகப்பன் வைத்த பெயர் வைகுண்டராஜன். இங்கே வந்து, அய்யாவின் பெயரான முன்பாதியை வெட்டிவிட்டு ராஜன் ஆனவர். கம்பியூட்டர் நிறுவனத்தில் பெரிய பதவி, அங்கேயொரு கோயிலில் அறங்காவலர். தம்பிமேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். விமான நிலையத்திலிருந்து அழுதுகொண்டேதான் வந்தார். வந்து அரைமணி நேரத்துக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் எல்லாம் முடித்துவிட்டார்: திங்கட்கிழமை தகனம், குருக்கள் பத்து மணிக்கு, கொள்ளி வைக்கத் தன் மகன்.

"அத்தான், எரிக்க விடமாட்டேன்" என்றாள் கலா.

"என்னம்மா பேசுற? நாலு பேர் வர்ற இடம். ஊர்ல ஏதோ பழக்கத்துல புதைச்சாங்க. அதையெல்லாம் இங்க கொண்டுவரணுமா?"

"பழக்கம் இல்ல. மதம்."

"மதமா! ஊருக்கு ஒரு வழிபாடு இருக்கும். ஒவ்வொண்ணும் மதம்னா இந்தியாவுல எத்தனை ஆயிரம் மதம் வரும், யோசிச்சுப் பாரு. நாம இந்துக்கள். அதுல ஒரு கிளை. அவ்வளவுதான்."

வந்திருந்த எங்கள் பெண்டுகள் எல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். எரித்தால்தான் ஆத்மா போகும் என்றாள் ஒருத்தி. புதைத்தால் கிறிஸ்தவர், வேதக்காரர் என்று சனம் நினைக்கும் என்றாள் இன்னொருத்தி. யாமினி எழுந்து, "இது என் அப்பா. உங்க கமிட்டி மீட்டிங் இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

கலா அன்றே சவஅடக்க நிலையத்துக்குப் போனாள். உட்கார்ந்த நிலையில் புதைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, பெட்டிக்குள் கிடத்தித்தான் என்றார்கள். அதற்குச் சம்மதித்தாள். தெற்கே தலை, வடக்கே முகம், இந்த ஒன்றையாவது விடமாட்டேன் என்றாள். அது மயான அலுவலகத்தின் கையில் என்றார்கள். மயானத்தில் குழிகள் எல்லாம் கிழக்கு மேற்காக வரிசை. சமயக் காரணம் இருந்தால் மட்டும், ஓரத்தில் உள்ள தனித் துண்டில் திசை மாற்றித் தருவார்களாம். அதற்கு அது சமயம் என்று தெரியவேண்டும்.

இங்கேதான் ராஜன் குறுக்கே விழுந்தார். எங்கள் வரதராஜாவிடம் கோயில் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் வாங்கினார்: இறந்தவர் இந்து, ஆஸ்பத்திரிப் பதிவு சாட்சி, இந்துக்களின் முறை தகனம், அய்யாவழி என்று தனிச் சமயம் ஒன்று கிடையாது. அதை மயான அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, புதன்கிழமை இரண்டு பக்கமும் நேரில் வாருங்கள் என்றார்கள்.

நாலு நாள்! அந்த மனிதர் நாலு நாள் குளிர் அறையில் கிடந்தார், அவருடைய சாமி சாமிதானா என்று இவர்கள் முடிவு கட்டுவதற்காக. எனக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை கலா யாமினியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீங்கதான்க்கா பதினாலு வருசமாப் பாத்தவிய" என்றாள். ராஜனும் வரதராஜாவும் ஏற்கெனவே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வரதராஜா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்துக் கதிரையை இழுத்து வைத்தார். நான் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார். நினைத்ததில் என்ன பிழை?

அலுவலர் ஹெலன் என்கிற ஐம்பது வயதுப் பெண்மணி. தொடக்கத்திலேயே சொன்னாள்: "கடவுள் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை. மரம் தெரியவேண்டும் என்று சிலர் திசை கேட்பார்கள். தெருச் சத்தம் வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு முடியாது என்பேன். இது விருப்பமா, நம்பிக்கையா? அதுதான் என் கேள்வி."

வரதராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சமயத்துக்கு வேதம் வேண்டும், ஆகமம் வேண்டும், குருபரம்பரை வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் வைத்தார். ஹெலன் பொறுமையாகக் கேட்டு, "அப்படிப் பார்த்தால் இங்கே படுத்திருக்கிறவர்களில் பாதிப் பேரை எழுப்பி வெளியே அனுப்பவேண்டும்" என்றாள். பிறகு கலாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தலைவர் யார்?"

"இங்க யாருமில்ல."

"எத்தனை பேர்?"

"ஊர்ல லட்சக்கணக்குல. இங்க ஆறு குடும்பம். எத்தன பேரு இருந்தா சாமி சாமியாவும்னு சொல்லுங்க, கூட்டிட்டு வாறேன்."

ஹெலன் சிரிக்கவில்லை. "நீங்கள் எதைச் செய்யவே கூடாது?"

கலாவின் ஆங்கிலம் வேலைத்தலத்து ஆங்கிலம். தயங்கவில்லை. "உயிர்ப்பலி கூடாது. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழன்னு நெனைக்கக் கூடாது. கீழ கெடக்கவனப் பாத்துட்டு சும்மா போகக் கூடாது. செத்தவன எரிக்கக் கூடாது. அவன் திரும்பி எந்திரிக்கணும்."

"வடக்கு எதற்கு?"

"உக்காந்து தவம் இருக்கவன் வடக்கப் பாத்துதான் இருப்பான். அவிய சாகல. காத்திருக்காவ."

ராஜன் பொறுமை இழந்தார். "மேடம், இந்திய அரசாங்கமே எங்களை இந்துன்னுதான் கணக்கு எடுக்குது. என் தம்பியோட ஆஸ்பத்திரிப் பதிவைப் பாருங்க."

"அரசாங்கம் கணக்கு எடுத்தா எஞ்சாமி மாறிருமா அத்தான்?" என்று கலா தமிழில் வெடித்தாள்.

ஹெலன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். "இதை நோயாளி சொன்னாரா? குடும்பத்தவர் சொன்னார்களா? யார் சொன்னது?"

ராஜன் தோளைக் குலுக்கினார். கலா ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வி. வரதராஜா என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தார். மாதர் சங்கம், வெள்ளிக்கிழமை மாலை, பதினொரு வருடப் பழக்கம் எல்லாம் அந்தப் புன்னகைக்குள் இருந்தது. நான் எழுந்தேன்.

"நான்தான் சொன்னேன். அவரைக் கேட்கவில்லை. அவர் மனைவியையும் கேட்கவில்லை. பதினான்கு வருடமாக இவர்கள் தாங்கள் வேறு என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது தெரிந்துகொண்டே சொன்னேன்."

கலா மெதுவாகத் திரும்பினாள். "நீங்களாக்கா?"

"ஓம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சிவாஜினி அக்கா, நீங்கள் என்ன கதைக்கிறியள்?" என்று வரதராஜா பல்லைக் கடித்தார். "யோசிச்சுக் கதையுங்கோ."

"யோசிக்காமல் கதைச்சதாலதான் இந்த வினை. இப்ப யோசிச்சுத்தான் கதைக்கிறன். நீங்கள் வாயை மூடுங்கோ" என்றேன். என் வாழ்நாளில் ஒரு கோயில் செயலாளரைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யார் சொல்லியிருந்தா என்ன? சொன்னது சரிதானே" என்றார் ராஜன்.

அப்போதுதான் கலா எழுந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அத்தான், மாமாவ எரிச்சியளா?"

ராஜன் முன்னால் கிடந்த கடிதத்தை மடித்தார்.

"ஒங்க அப்பாவத்தான் கேக்கேன். ரெண்டாயிரத்து ஆறு, வைகாசி மாசம். நானும் அங்கதான் நின்னேன். எரிச்சியளா? ஒங்க தலையில அன்னைக்கு என்ன இருந்துச்சு? மொதப்பிடி மண்ணு அள்ளிப் போட்டது யாரு?"

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. யாமினி பக்கத்தில் நின்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஹெலன் ராஜனைப் பார்த்து, "உங்கள் தகப்பனாரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள்.

"புதைச்சோம்" என்றார் ராஜன்.

"எந்தத் திசை?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வடக்கு."

ஹெலன் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். குடும்பத்துக்கு வெளியே ஒருவர், இந்த வழிபாட்டை நேரில் கண்டதாக எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கண்ணாடி, விளக்கு, தலைப்பாகை, ஏடு, கஞ்சி என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். வரதராஜா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். நான் வீடு வந்து சேருமுன்னரே மாதர் சங்க வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையை இப்போது வேறு யாரோ கட்டுகிறார்கள். கட்டட்டும்.

மறுநாள் அடக்கம். ஓரத் துண்டில் குழி தோண்டியிருந்த தொங்காத் தீவு இளைஞன் போனில் திசைகாட்டியைத் திறந்து, கலாவிடம் வந்து கேட்டான்: காந்த ஊசி காட்டுகிற வடக்கா, வரைபடத்து வடக்கா, இரண்டுக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கிறது, உங்களுக்கு எது வேண்டும்? கலா ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் பதில் சொன்னாள். அவன் மண்வெட்டியோடு காத்து நின்றான்.

ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டினார்கள். கலா கணவரின் நெற்றியில் தன் கையாலேயே நாமம் இட்டாள். ராஜனுக்கென்றும் ஒரு வெள்ளைத் துணியை மடித்து எடுத்து வந்திருந்தாள். அவர் கறுப்புக் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். துணியை வாங்கவில்லை. மாலை விமானத்தில் ரோவிலுக்குப் போய்விட்டார்.

ஒரு கிழமை, ஏழு நாளும், கலா என் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு ஒருநாள் வேலியடியில் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா. குழி தோண்டுனவன் கேட்டான், எந்த வடக்குன்னு. ஒங்களுக்கு உப்பு எப்பம் போடணும்னு நான் கேட்டேன். நீங்க கேக்கல."

"நான் பிழை விட்டிட்டன் கலா."

"ஆமா. விட்டிய" என்றாள். ஆறுதலுக்கு ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்காததுதான் சரி. கஞ்சிக் கிண்ணம் வர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

ஆனி மாதக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பிட்டு முடிந்து எல்லோரும் போன பிறகு, நான் அவள் குசினியில் இருந்தேன். கலா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையெல்லாம் பாலும் மண்ணும். யாமினி வந்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் போனாள். ராஜன்.

சுகம் விசாரித்தார். யாமினியின் படிப்பைக் கேட்டார்.

"கலா, தம்பிக்குப் பக்கத்துல இடம் ஏதாவது காலியா இருக்கா?"

"யாருக்கு அத்தான்?"

"எனக்குத்தான். போன மாசம் டாக்டர் ஏதோ சொன்னாரு. இப்பவே ஒண்ணும் இல்ல. இருந்தாலும் சொல்லி வச்சுட்டா நல்லதுல்ல."

"வடக்கப் பாத்தா?"

"ஆமா" என்றார். குரல் உடைந்திருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். சரி என்று சொல்லடி என்று கையால் சாடை காட்டினேன். கலா என்னைப் பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பக்கத்து இடம் எனக்குன்னு எழுதியாச்சு. அதுக்கு அடுத்தது காலியாத்தான் கெடக்குது. ஆனா நான் சொல்லி வைக்க மாட்டேன். நீங்க போங்க. அந்த மயான ஆபீசு அம்மாகிட்ட ஒங்க மதம் என்னன்னு ஒங்க வாயால சொல்லுங்க. சொன்னாத் தருவாவ."

"அது எப்படிம்மா? இங்க கோயில்ல நான் இருக்கிற இருப்புக்கு வெளிய தெரிஞ்சா… உன் பேர்லயே எடுத்து வச்சுட்டேன்னா, கடைசியில…"

"கடைசியில யாரு வந்து சொல்லுவா? ஒங்க மவன் குருக்களக் கூட்டிட்டு வருவான். ஒங்க கையில உள்ள தாளு எல்லாத்துலயும் என்ன எழுதியிருக்குது? அன்னைக்கு நீங்க எனக்குச் செஞ்சதத்தான் அவன் ஒங்களுக்குச் செய்வான்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆபீசுல சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லுங்க. நானும் சிவாஜினி அக்காவும்தான் இருக்கோம். நீங்க என்ன மதம் அத்தான்?"

ரோவிலில் அவர் வீட்டில் ஓடுகிற டிவி எங்களுக்குக் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், அவருடைய மனைவியாக இருக்கவேண்டும், யார் போனில் என்று கேட்டது.

"ஆபீஸ் கால்" என்றார் ராஜன், போனை வைத்துவிட்டார்.